கடல்: பூஜ்ஜியம்

கரண்ட் பில்லின் பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.
அதில்தான் ஆரம்பித்தோம், சோலைமலையும் நானும்,
பிள்ளைகள் தூங்கிவிட்டதாக நினைத்துக்கொண்டு.

தொண்டி போதும் என்றார்.
கூட்டம் இருக்காது, ராட்டினம் இருக்காது,
கேட்டு அழ ஒன்றும் இருக்காது.
மார்க்கெட்டுக்குத் தேங்காய் ஏற்றி வருகிற ஜபருல்லா
மாடியில் ஓர் அறை வைத்திருக்கிறாராம்.
ஃபேன் உண்டு. ஜன்னலைத் திறந்தால் ஃபேனே வேண்டாமாம்.
அறுநூறு.

வில்லாபுரத்திலிருந்து மாட்டுத்தாவணி வரை
எனக்கும் மகளுக்கும் டவுன் பஸ்ஸில் காசில்லை.
அந்த இலவசம் அங்கேயே இறங்கிக்கொள்ளும்,
கடல்வரைக்கும் கூட வராது.
சிவகங்கை, காளையார்கோவில், திருவாடானை தாண்டி
ஆளுக்குத் தொண்ணூறு.

"மதிவதனிக்கு அரை டிக்கெட் போடுவோம்" என்றேன்.
பன்னிரண்டு முடிந்து மூன்று மாதம்தானே ஆகிறது.
போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது:
"கண்டக்டர்கிட்ட நான் பொய் சொல்ல மாட்டேன்.
நான் முழு ஆளு."
நாற்பத்தைந்தை அடித்துவிட்டுத் தொண்ணூறு போட்டார்.
போட்ட பிறகும் கொஞ்ச நேரம் பேனாவை மூடவில்லை.

போக வர அறுநூற்று முப்பது.
முதல் நாளைக்குப் புளிச்சோறு, கெட்டுப்போகாது.
மறுநாள் மீனை நாம் வாங்கிக் கொடுத்தால்
ஜபருல்லா வீட்டில் குழம்பு வைத்துத் தருவார்களாம்,
மசாலாவுக்குக் காசு வாங்க மாட்டார்களாம்.
வாங்காவிட்டாலும் கொடுக்கணும் என்று
அதையும் சேர்த்துச் சாப்பாட்டுக்கு ஐந்நூறு.
சில்லறைச் செலவு இருநூறு.
இருநூறா என்றார். இருநூறுதான் என்றேன்.
டீ இருக்கிறது, டவுன் பஸ் இருக்கிறது,
யாருக்காவது வயிற்றைக் கலக்கினால் ஒரு மாத்திரை அட்டை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பது.
அவர் முகம் தெளிந்தது.
நான்தான் வாயைத் திறந்தேன்:
வண்டி ஓடாத இரண்டு நாள்?
யாரும் கைநீட்டி வாங்கிக்கொள்ளாத செலவு,
பில் தராத செலவு.
தொள்ளாயிரம், தொள்ளாயிரம்.
எழுதியதும் தொண்டி
இன்னும் ஐம்பது மைல் தள்ளிப் போனது.

நைட்டி ஒன்று தைத்தால் எனக்குப் பதினாலு ரூபாய்.
ஜிப் வைத்தால் பதினாறு, அந்த ஆர்டர் எப்போதாவதுதான்.
மூவாயிரத்து எழுநூற்று முப்பதைப் பதினாலால் வகுத்தேன்.
சரியாக வகுபடவில்லை.
இருநூற்று அறுபத்தேழு நைட்டி,
எட்டு ரூபாய் மிஞ்சும்.
எத்தனை பெண்கள்
பால் வாங்கவும் பள்ளிக்கூட வாசலுக்கும்
மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு
எங்கள் கடலை உடுத்திப் போகப் போகிறார்கள்.

கவின் எழுந்து உட்கார்ந்தே விட்டான்.
"கடல் பாக்க டிக்கெட் எவ்வளவு?"
"அதுக்குக் காசில்லடா."
"அப்ப அதையும் எழுதுங்க."
இடமில்லாமல் பில்லின் ஓரத்தில், கோணலாக,
அவனே எழுதினான்:
கடல் 0.
இன்னொரு முறை கூட்டிப் பார்த்தோம்.

காலாண்டு லீவில் போவதாக முடிவு.
மிக்ஸி இப்போதே ஒரு மாதிரி முனகுகிறது.
அதைப் பற்றி இருவரும் பேசவில்லை.

மூன்று மணிக்குக் குழாயில் தண்ணீர் வந்தது.
எட்டுக் குடம் பிடித்து வைத்துவிட்டு
மெஷினில் உட்கார்ந்தேன்.
அன்றைய கட்டு நீலத்துணி, வளைவு வளைவாய்க் கோடு.
கடல் மாதிரி என்றெல்லாம் தோன்றவில்லை.
இரண்டு பக்கமும் கோடு சேர வேண்டும்,
பிசகினால் மேஸ்திரி திருப்பிவிடுவார்.

இது பதினெட்டு நாளைக்கு முன்னால்.
மிக்ஸி ஓடுகிறது.
நூற்று நாற்பத்தொன்று முடிந்தது,
இன்னும் நூற்று இருபத்தாறு.
நடுவில் ஆறு நைட்டி ஜிப் வைத்தது வந்தது.
அந்தப் பன்னிரண்டு ரூபாயை நான் கணக்கில் காட்டவில்லை.
மிஞ்சுகிற எட்டோடு சேர்த்தால் இருபது.
ராட்டினம் இல்லாத ஊரிலும்
கவின் கேட்டு அழ
ஏதாவது இருக்கும்.